டிக் போட்ட செவ்வாய்க்கிழமைகள்

டிப்போவில் அவரை டைம்கீப்பர் என்பார்கள். சபையிலும் அதே பெயர்தான். வீட்டில் அவர் மனைவி, கோபம் வந்தால் மட்டும், கூடவே ஒரு ‘சார்’ சேர்த்துக்கொள்வாள். எந்த பஸ்ஸை எந்த டிரைவர் எடுப்பது, கூட எந்த கண்டக்டர் போவது, யாருக்கு இன்றைக்கு ஓய்வு என்று எழுதுவது அவர் வேலை. இருபத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. டிப்போ கேட்டைத் தாண்டியதும் இடது கைப் பக்கம், டீசல் வாடை நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒரு கண்ணாடி அறை. மேஜையை அடைத்துக்கொண்டு ஒரு சார்ட். அதில் பேனா படக் கூடாது, பென்சில் மட்டும்தான். டிரைவருக்கு வரும் காய்ச்சல் முன்கூட்டியே லெட்டர் போட்டுவிட்டு வருவதில்லை என்பது அவர் சொல்லும் காரணம்.

அதிர்ந்து பேசாத மனிதர். ஆனால் வாய் இல்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கண்டக்டர் ஒரே வருடத்தில் மூன்றாவது முறையாகப் பெரியப்பா இறந்துவிட்டார் என்று வந்து நின்றபோது, "இந்தத் தடவையாவது ஒழுங்கா அடக்கம் பண்ணிட்டு வாங்க" என்று சொல்லி லீவு எழுதிக் கொடுத்தார். அந்தப் பெரியப்பா அதற்குப் பிறகு சாகவில்லை.

டிப்போவில் இப்படிக் கேட்கத் தெரிந்தவருக்கு, சபைக்குள் காலை வைத்ததும் நாக்கு மடங்கிக்கொள்ளும். அங்கே யாரும் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை, பிரியத்துக்குச் செய்கிறார்கள், பிரியத்துக்குச் செய்கிறவர்களை எப்படி அதட்டுவது என்பது அவர் எண்ணம். அதனால் அதட்டத் தேவையே வராத மாதிரி ஒரு சார்ட் போட்டுவிட்டார். இது ஆறு வருடத்துக்கு முந்தைய கதை. அதுவரை எங்கள் சபையில் எல்லா வேலையும் பார்த்தவர் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிறு மூன்று பேர் பூங்கொத்து கொண்டுவந்தார்கள். திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவி வைக்க ஒருவரும் இல்லை. பாஸ்டரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயடியில் நின்றார். அடுத்த வாரம் டைம்கீப்பரைக் கூப்பிட்டு, டிப்போவில் செய்வதை இங்கேயும் கொஞ்சம் செய்து கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அவர் செய்ததும் சாதாரண வேலை இல்லை. ஆலயத்தின் நுழைவாசலில், அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில், கதவளவு ஒரு தாள். இடது பக்கம் ‘செய்கிறவர்கள்’. கதவு திறக்க, பெருக்க, மைக் பார்க்க, கிண்ணம் வைக்க, கிண்ணம் கழுவ, கூரைத் தண்ணீர்க் குழாயில் இலை அள்ள என்று பதினான்கு வேலைகள். வலது பக்கம் ‘பார்க்கப்பட வேண்டியவர்கள்’. முடியாமல் வீட்டோடு இருக்கும் ஐந்து பேர். அவர்களைச் செவ்வாய்க்கிழமைதோறும் போய்ப் பார்த்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஜெபம் செய்துவிட்டு வர வேண்டும். எல்லா வேலைக்கும் இரண்டு பெயர். ஒருவருக்கு முடியாமல் போனால் இன்னொருவர் இருப்பார். வேலை முடிந்ததும் கட்டத்தில் ஒரு டிக். அவ்வளவுதான்.

முதல் மாதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ஆராதனை சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது, மைக் கரகரக்கவில்லை, கிண்ணங்கள் பளிச்சென்று இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போன பிறகு டைம்கீப்பர் அந்தத் தாளுக்கு முன்னால் இரண்டு நிமிடம் நிற்பார். டிக்குகளைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு நிறைவு. மனைவி வாசலில் குடையோடு காத்திருப்பாள். அவளுக்கு அந்தத் தாளோடு ஒரு பொறாமையும் இல்லை. சாப்பாடு ஆறிப்போவது பற்றித்தான் கவலை.

போன மாதம் வரை அப்படித்தான் இருந்தது.

போன மாதம் முழுவதும் பாஸ்டர் ஊரில் இல்லை. அவர் அம்மாவுக்கு ஆபரேஷன். திரும்பி வந்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், கிண்ணங்களைத் துடைத்து அடுக்கும் பின்னறைக்கு டைம்கீப்பரை அழைத்துப் போய் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார். நேர்க்கோடு போட்ட தாளில் திருத்தமே இல்லாத கையெழுத்து. எழுதியவர் ஆபரேட்டரம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்து நான்கு வயது, தனியாக இருப்பவர். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து மூன்று வருடமாக ஆலயத்துக்கு வர முடிந்ததில்லை. வலது பக்கத்து ஐந்து பேரில் அவர் ஒருவர்.

‘ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். நான்கு செவ்வாய்க்கிழமைகளாக சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவரவருக்கு வேலை இருக்கும். ஆனால் நான் எதிலும் பங்கில்லாமல், பெயரில் மட்டும் அங்கத்தினராக இருப்பது ஒழுங்கல்ல. அங்கத்தினர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.’

பெயரை எடுப்பதைப் பாஸ்டர் தனியாகச் செய்ய முடியாது; சபை கூடித்தான் செய்ய வேண்டும். வருகிற ஞாயிறு கூட்டம் வைத்தாக வேண்டும் என்றார் பாஸ்டர். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. சார்ட் இருக்கிறதே என்ற தைரியத்தில் தானும் ஊரிலிருந்து ஒரு போன்கூடச் செய்யாமல் இருந்துவிட்டதாகச் சொன்னார்.

டைம்கீப்பர் நேராக நுழைவாசலுக்குப் போய்த் தாளைப் பார்த்தார். ஆபரேட்டரம்மாவின் பெயருக்கு நேராகப் போன மாதத்துக்கு நான்கு கட்டங்கள். நான்கிலும் டிக். ஒவ்வொன்றும் அழுத்தமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல். அவர் மனதில் முதலில் வந்தது, வயதானவர், மறந்திருப்பார் என்பதுதான். அந்த நினைப்பே பின்னாளில் அவரை அதிகம் உறுத்தியது.

திங்கட்கிழமை டூட்டி முடிந்ததும் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. மாடி நடையில் பல்ப் எரியவில்லை. தடவித் தடவி ஏறினார். கதவு திறக்க ஐந்து நிமிடம் ஆனது. உள்ளே வாக்கர் தரையில் ஊன்றி ஊன்றி வரும் சத்தம் கேட்டது.

ஒரே அறை. ஜன்னலோரம் நாற்காலி, அதன் கைக்கெட்டும் தூரத்தில் போன், ஜன்னல் கம்பியில் கயிறு கட்டிய கூடை. கீழே கடைக்காரர் பாலும் பிரெட்டும் வைத்தால் இவர் மேலே இழுத்துக்கொள்வார். ஆபரேட்டரம்மா தலை வாரி, சேலை மடிப்புக் கலையாமல், யாரோ வருவார்கள் என்று இருப்பவர் போல இருந்தார். அன்றைக்கு யாரும் வருவதாக இல்லை.

டைம்கீப்பர் செய்த தவறு, தாளை விரித்துக் காட்டியது. பேருக்கு நலம் விசாரித்துவிட்டு, இதில் இப்படிக் குறித்திருக்கிறதே அம்மா என்று கட்டிலின் மேல் பரப்பிவிட்டார். ஆபரேட்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் பெயரைத் தேடிப் பிடித்து, நான்கு டிக்கையும் விரலால் தொட்டார்.

"நாலு தடவை வந்திருக்காங்க," என்றார். "அப்போ நான் எங்க தம்பி போயிருந்தேன்?"

 ஆபரேட்டரம்மா கேட்ட விதத்தில் கிண்டல்கூட இல்லை என்பதுதான் கஷ்டம். வெளியே மாடி நடையில் மூன்று வாரமாக எரியாத பல்ப், வந்தவர் கண்ணில் படாமல் இருக்க முடியாது. அதுவும் அந்த நான்கு டிக்குகளில் இரண்டு, ஒரு எலக்ட்ரீசியனுடைய வாரங்களில் போட்டவை.

ஆபரேட்டரம்மா தாளை விடவில்லை. வலது பக்கத்தில் இருந்த தன் பெயரிலிருந்து விரலை மெல்ல இடது பக்கத்துக்கு நகர்த்தினார். இங்கேதான் முன்னால் தன் பெயர் இருந்தது என்றார். ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவர்களில் முதல் பெயர். இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் அங்கே அழித்து இங்கே எழுதியிருக்கிறது. அந்தத் தடம் இன்னும் தெரிகிறது.

"அழிச்சது தப்புன்னு சொல்லலை. வாசிக்க வர முடியாதுதான். ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னால வேற என்ன முடியும்னு யாரும் கேக்கலை. பால் வருது, மருந்து வருது, எனக்கு எதுவும் குறையலை தம்பி. உங்க சபைல நான் ஒரு கட்டம். டிக் போடற கட்டம். கட்டத்துக்கு எதுக்கு அங்கத்தினர் பட்டியல்ல பேரு?"

டீ தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராமல், அவர் வாக்கரைப் பிடித்து நடந்து போய் டீ போட்டு வரும் வரை டைம்கீப்பர் கட்டிலில் பரப்பிய தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் அவர் குடித்த மிகச் சூடான டீ அதுதான். ஆறும் வரை காத்திருக்கத் தைரியம் இல்லை.

மறுநாள் தொடங்கி விசாரணை. விசாரணை என்ற சொல்லே அதிகம். அவர் கேட்ட கேள்வி ‘அந்தச் செவ்வாய்க்கிழமை…’ என்பதோடு நின்றுவிடும், மீதியை எதிரில் இருப்பவரே இழுத்துப் பேச வேண்டும். நான்கு வாரத்துக்கும் சேர்த்து நான்கு பேர். முதல் வாரமும் மூன்றாம் வாரமும் பேக்கரிக்காரரும் கணக்கு டீச்சரும். இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் எலக்ட்ரீசியனும் அவர் மச்சானும்.

கணக்கு டீச்சர் சொன்னது இது: முதல் வாரம் அவருக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. எப்படியும் பேக்கரிக்காரர் போயிருப்பார். ஞாயிறன்று பார்த்தால் கட்டம் காலி. பாவம், மாவுக் கையோடு ஓடுகிற மனிதர், மறந்திருப்பார், நாலு பேர் முன்னால் அவருக்குக் குறைச்சலாக வேண்டாம் என்று டீச்சரே டிக் போட்டுவிட்டார். பேக்கரிக்காரர் அந்த டிக்கைப் பார்த்து, டீச்சர் போய்விட்டு வந்திருக்கிறார், நம்மை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, எவ்வளவு நல்ல மனசு என்று நெகிழ்ந்து போனார். அந்த நெகிழ்ச்சியில் மூன்றாம் வாரம், அடுப்பு பழுதாகிப் போக முடியாமல் போனபோது, டீச்சர் எப்படியும் போயிருப்பார் என்று நம்பி அவருக்காக ஒரு டிக் போட்டார். எலக்ட்ரீசியனும் மச்சானும் தினமும் ஒரே மேஜையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள். இரண்டு பேரும் மற்றவர் போனதாகவே நினைத்து, கேட்டால் சந்தேகப்பட்டது மாதிரி ஆகிவிடுமே என்று கேட்காமலே இருந்திருக்கிறார்கள். அங்கே இரண்டு வாரத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் டிக் போட்டது மச்சான்.

ஒருவர்கூடத் தனக்காகப் பொய் சொல்லவில்லை. நான்கு பொய்யும் அடுத்தவர் மேல் இருந்த அன்பில் போட்டவை. இதை யார் மேல் வைத்துக் கோபப்படுவது என்று டைம்கீப்பருக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம், மனைவி தையல் மிஷினில் யாருடைய பேண்ட்டையோ குட்டையாக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, இந்தப் பொறுப்பிலிருந்து விலகிவிடலாம் என்று இருக்கிறேன் என்றார். அவள் மிஷினை நிறுத்தவில்லை.

"ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு டிரைவர் போடுவீங்களா?"

"எதுக்குப் போடணும்?"

"ஒருத்தருக்கு முடியாமப் போனா இன்னொருத்தர் இருப்பாருன்னு."

அவர் யோசித்தார். போட்டால் இரண்டு பேரும் கேண்டீனில் உட்கார்ந்திருப்பார்கள். பஸ் டிப்போவிலேயே நிற்கும். அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. இயேசு சீடர்களை இரண்டிரண்டு பேராகத்தானே அனுப்பினார் என்று மட்டும் முனகினார்.

"அனுப்பினாரு. போனவங்க திரும்பி வந்து என்னென்ன நடந்துச்சுன்னு அவர்கிட்ட உக்காந்து சொன்னாங்களா இல்லையா? நீங்க செவுத்துல ஆணி அடிச்சு மாட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டீங்க, டைம்கீப்பர் சார்." நூலைப் பல்லால் அறுத்தாள். "விலகறதாம். அந்த அம்மாவும் விலகறேன்னுதான் எழுதியிருக்காங்க. ரெண்டு பேரும் சேர்ந்து விலகிட்டா ஒழுங்கு வந்துடுமா?"

விலகுகிற பேச்சு அத்தோடு போயிற்று.

டிப்போவில் ஒரு பஸ்ஸுக்கு இரண்டு பேர்தான். ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு பேர் இல்லை. ஒருவர் ஓட்டுவார். இன்னொருவர் எல்லோரும் ஏறியாயிற்றா என்று பார்த்து விசில் கொடுப்பார். வியாழனும் வெள்ளியும் அவர் இதையே மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக்குள் புதிய தாள் தயார். ஒரு வேலைக்கு ஒரே பெயர். பக்கத்தில் இன்னொரு நீளப்பத்தி, தலைப்பு ‘கேட்கிறவர்’. வேலை நடந்ததா என்று கேட்கிறவர். அந்தப் பத்தி மேலிருந்து கீழ் வரை காலி.

அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் மூன்றாவது மாடி ஏறினார். இம்முறை கையில் ஒரு பல்ப்பும் இருந்தது. கீழ்க் கடைக்காரரிடம் இரவல் வாங்கிய ஸ்டூலைப் போட்டு அதை மாட்டி முடித்துவிட்டுத்தான் கதவைத் தட்டினார்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். யார் யாருக்காக டிக் போட்டார்கள் என்பதைக் கேட்டபோது ஆபரேட்டரம்மா முதல் முறையாகச் சிரித்தார். சிரித்ததற்காகத் தன்னையே கொஞ்சம் கோபித்துக்கொண்டது போல உடனே வாயை மூடினார். பிறகு டைம்கீப்பர் காலியான பத்தியைக் காட்டி, இந்த வேலை உங்களுக்கு என்றார்.

"இரக்கப்பட்டுக் குடுக்கற வேலையா?" என்றார் ஆபரேட்டரம்மா.

"இல்லைம்மா. எனக்கு வராத வேலை. டிப்போல ஒரு டிரைவர் வரலைன்னா போன் போட்டுத் திட்டுவேன். சபைல ஒரு ஆளைப் பாத்து, போனீங்களான்னு கேக்க எனக்கு வாய் வராது. ஆறு வருஷமா வரலை. அதனாலதான் கட்டம் போட்டு வச்சேன்."

ஆபரேட்டரம்மா அதை ஏற்றுக்கொண்டாரா என்று முகத்தில் தெரியவில்லை. எக்ஸ்சேஞ்ச் வேலையைப் பற்றி, கேட்காமலே, சொல்ல ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் ஒருவர் வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் இவர்தான் கம்பியைச் சொருகி இணைத்துக் கொடுக்க வேண்டும். சில ஆபரேட்டர்கள் மணி அடித்ததும் விட்டுவிட்டு அடுத்த இணைப்புக்குப் போய்விடுவார்கள். இவர் அப்படி இல்லை. அந்தப் பக்கம் ஒரு குரல், இந்தப் பக்கம் ஒரு குரல், இரண்டும் காதில் விழுந்த பிறகுதான் விலகுவார். மணி அடிப்பது வேறு, ஆள் வருவது வேறு.

"இதுல டிக் கிடையாது," என்றார் கடைசியில். "போனவங்க எனக்குப் போன் பண்ணி என்ன பேசினாங்க, எப்படி இருக்காங்கன்னு சொல்லணும். நான் எழுதிக்குவேன். போகலைன்னா போகலைன்னு சொல்லணும். திட்ட மாட்டேன். எப்பப் போறீங்கன்னு மட்டும் கேப்பேன்."

அப்படியென்றால் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று டைம்கீப்பர் மெல்லக் கேட்டார். அதற்கு மட்டும் அவர் தலையாட்டவில்லை. கடிதம் சபைக்கு எழுதியது. கூட்டத்தில் முழுவதும் வாசிக்க வேண்டும், மறைக்கக் கூடாது. என்ன பதில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார். தாளை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. பாஸ்டர் கடிதத்தை வாசித்தார். ‘பெயரில் மட்டும்’ என்ற வரியை இரண்டு முறை வாசித்தார். வாசித்து முடித்து உட்கார்ந்தார். டைம்கீப்பர் எழுந்து, கேட்காமல் பெயரை அழித்து மாற்றி எழுதியது தான்தான் என்று சொன்னார்; புதிய தாளையும், அதில் ஆபரேட்டரம்மாவுக்கு வைத்திருக்கும் ‘கேட்கிறவர்’ வேலையையும் விளக்கினார். அவர் உட்காருவதற்குள் பேக்கரிக்காரர் எழுந்துவிட்டார்.

"மூணாவது டிக் நான் போட்டது."

முதலாவது தன்னுடையது என்று டீச்சர் கையைத் தூக்கினார், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போல. மச்சான் எழுந்தபோது எலக்ட்ரீசியனும் கூடவே எழுந்தார். போட்டது இவர்தான் என்றாலும் கேட்காமல் இருந்தது இரண்டு பேரும் என்றார். பின் வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அதற்கப்புறம் வரிசையாக வேறு சிலரும் எழுந்து, கிண்ணம் கழுவுவதில், கதவு திறப்பதில், தாங்கள் போட்ட டிக்குகளைச் சொல்ல ஆரம்பிக்க, பாஸ்டர் கையமர்த்தி, இன்றைக்கு ஒரு கடிதத்துக்குத்தான் பதில் சொல்லக் கூடியிருக்கிறோம் என்று நினைவுபடுத்தினார்.

பெயரை எடுக்கவே கூடாது என்றது கூட்டம். மூப்பர்களில் மூத்தவர், ஓய்வு பெற்ற தபால்காரர், அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா யோசித்து எழுதியதை நம் வருத்தத்தில் நாம் தள்ளிவிட்டால், அதுவும் அவரைக் கேட்காமல் செய்த இன்னொரு காரியமாகப் போகும் என்றார். "அவங்ககிட்டயே கேளுங்க. போன் இருக்குல்ல?"

பாஸ்டர் தன் போனை எடுத்து, வாசிப்பு மேஜையில் மைக்குக்கு முன்னால் வைத்து, எண்ணைப் போட்டார். இரண்டாவது மணியில் ஆபரேட்டரம்மா எடுத்தார். ஆலயம் முழுவதும் அந்தக் குரல் நிறைந்தது. மூன்று வருடமாக அங்கே கேட்காத, பாடம் வாசித்த குரல். முன்வரிசையில் ஒரு பெண்மணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

பாஸ்டர் சபையின் மனதைச் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். கேட்கிற வேலையை அவருக்கே தர எல்லோரும் சம்மதம் என்றார். 

"பேரு இருக்கட்டுமா வேணாமான்னு அப்புறம் சொல்றேன் ஐயா. நாளன்னைக்கு செவ்வாய்க்கிழமை. என்னைப் பாக்க யாரு வர்றது?"

ஒரே சமயத்தில் ஏழெட்டுக் குரல் எழுந்தது. பாஸ்டர் கையைக் காட்ட எல்லாம் அடங்கின. டைம்கீப்பர் போட்ட புதிய தாளின்படி டீச்சர் முறை. டீச்சர் மைக்குக்குப் பக்கத்தில் வந்து, "நான் வர்றேன்மா" என்றார்.

"எத்தனை மணிக்கு?"

"நாலரைக்கு."

"கூட யாராவது?"

பேக்கரிக்காரர் வாயைத் திறந்தார். பக்கத்திலிருந்த அவர் மனைவி தொடையில் ஒன்று வைத்தாள். "இல்லைம்மா," என்றார் டீச்சர், "நான் மட்டும்தான்."

"சரி. நாலரைக்கு நீங்க வந்தா கடிதத்தைத் திருப்பி அனுப்பச் சொல்றேன். அஞ்சு மணி தாண்டிச்சுன்னா பேரை எடுத்துடுங்க ஐயா. அதுக்கு மேல பேச வேண்டாம்."

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. டைம்கீப்பருக்கு டூட்டி ஐந்து மணி வரை. மூன்றே முக்காலுக்கு ரோடெல்லாம் தண்ணீர், பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமதமாகின்றன என்று தகவல் வர ஆரம்பித்தது. டீச்சரின் பள்ளிக்கூடம் இருக்கும் வழியில் ஓடும் பஸ் இருபது நிமிடம் பின்னால். கண்ணாடி வழியே டிப்போ முற்றத்தைப் பார்த்தார். ஸ்பேர் பஸ் ஒன்று சும்மா நின்றது. ஒரு டிரைவரை ஏறச் சொன்னால் போதும். ஒரு ஆளுக்காக பஸ்ஸைத் திருப்பி விடுகிற டைம்கீப்பரை இருபத்தொன்பது வருடத்தில் அவரே மன்னித்திருக்க மாட்டார். தானே பர்மிஷன் சொல்லிவிட்டு ஓடினால் என்ன என்று தோன்றியது. டீச்சர் வராவிட்டாலும் யாரோ ஒருவர் வந்த மாதிரி இருக்கும். எழுந்து குடையைக்கூட எடுத்துவிட்டார். கதவுப் பிடியில் கை வைத்தபோதுதான், மறுபடியும் ஒரு வேலைக்கு இரண்டு ஆள் போடுகிறோம் என்பது உறைத்தது. குடையை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். டீச்சர் போவார். போகாவிட்டால், போகவில்லை என்று தெரிய வேண்டியவருக்குத் தெரியும். அதுதான் ஏற்பாடு. ஏற்பாடு செய்தவரே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவது என்று தனக்கே சொல்லிக்கொண்டு, எழுதியதையே மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்.

நாலு நாற்பதுக்குப் போன் அடித்தது.

"தம்பி, டீச்சர் நாலு இருபத்தெட்டுக்கே வந்துட்டாங்க. பஸ் இல்லைன்னு பள்ளிக்கூடத்துலேர்ந்து நடந்தே வந்திருக்காங்க. தலை துவட்டிக்கிட்டிருக்காங்க." பின்னால் டீச்சர் ஏதோ சொல்வதும் பாத்திரச் சத்தமும் கேட்டது. ஒரு பக்கம் ஒரு குரல், மறுபக்கம் ஒரு குரல். "இன்னொண்ணு. தெருமுனைல குடை பிடிச்சுக்கிட்டு பேக்கரிக்காரர் நிக்கறாரு. ஜன்னல்ல நல்லாத் தெரியுது. அவரை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. அவருக்கு அடுத்த வாரம்."

சொல்கிறேன் என்றார் டைம்கீப்பர்.  அந்தப் பக்கத்தில் தாள் புரளும் சத்தம்.

"சரி, உங்க வேலை என்னாச்சு? கூரைக் குழாய்ல இலை அள்றது, உங்க பேர்ல இருக்கு. இந்த மழைக்கு ஆலயத்துக்குள்ள ஒழுகுமே."

டிப்போவிலும் சபையிலும் இதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. சாக்கு ஒன்று நாக்கின் நுனி வரை வந்தது: இந்த வாரம் முழுக்க உங்கள் விஷயமாகவே அலைந்தேன் என்று. அதை விழுங்கிவிட்டு, "இன்னும் செய்யலைம்மா" என்றார்.

"எப்போ?"

"சனிக்கிழமை காலைல."

அவர் எழுதிக்கொள்ளும் வரை இவர் காத்திருந்தார். சனிக்கிழமை பத்து மணிக்குப் போன் செய்வதாகவும், அதற்குள் ஏணியை விட்டு இறங்கிவிட வேண்டும் என்றும், இந்த வயதில் விழுந்தால் தன்னைப் போல் வாக்கர்தான் என்றும் சொல்லிவிட்டு ஆபரேட்டரம்மா வைத்தார். கடிதத்தைப் பற்றிக் கேட்க மறந்துபோனது அதற்கப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது. திரும்பக் கூப்பிடவில்லை. பேக்கரிக்காரருக்குப் போன் போட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, சனிக்கிழமைக்கு ஏணி இரவல் கேட்க ஒர்க்‌ஷாப் பக்கம் நடந்தார்.